நிழலுக்குள் 35 நிமிடம்

கண்ணாடித் தகட்டின் மேல் பூப்போட்டு வார்த்தெடுக்கும் தரைக்கல்தான் ஆத்தங்குடிக் கல். எங்கள் பட்டறைக்கு அதை வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விதான் கேட்பார்கள். சதுர அடி என்ன விலை, இந்தப் பளபளப்பு எத்தனை வருஷம் நிற்கும். 2019 அக்டோபரில், காரைக்குடியில் தன் பழைய வீட்டு முகப்பில் உடைந்துபோன தரையை மாற்றுவதற்காக வந்த ஒரு பெரியவர், அரை மணி நேரம் வேலையாட்களின் கையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "கண்ணாடியில இருந்து கல்லைப் பிரிக்கிறப்ப பூ ஒட்டிக்கிட்டு வந்துடாம இருக்கிறது எப்படிம்மா?" என்று கேட்டார். அப்பா காலத்திலிருந்து இங்கே கணக்கு எழுதுகிறேன், யாரும் இதைக் கேட்டதில்லை. கண்ணாடியைத் துடைப்பதில் பாதி, தண்ணீரில் ஊறப்போடுவதில் பாதி என்று சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எங்க வேலையும் இதுதான். ரெண்டு பொருள் தொட்டுக்கிற இடத்துல என்ன நடக்குதுன்னு பார்க்கிறது."

அவர் மின்வேதியியல் விஞ்ஞானி. வாழ்நாள் முழுக்க பேட்டரியோடு கழித்து ஓய்வு பெற்றவர். (காரைக்குடியில் 'சிக்ரி' என்றால் பலருக்கு பஸ் நிற்கும் இடம் மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அது. அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்ததால் அப்படி ஒரு ஆய்வகம் இந்த வறண்ட பூமிக்கு வந்தது. இதை எங்கள் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லித்தர வேண்டும்.)

அந்த வருஷம் செப்டம்பர் 7 விடியற்காலை, சந்திரயான்-2-ன் விக்ரம் கலம் நிலவில் இறங்கும்போது தொடர்பு அறுந்துபோனதை நானும் என் மகளும் டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்திருந்தோம். அந்த ஆற்றாமை இன்னும் தீரவில்லை. அதனால் விஞ்ஞானி என்று தெரிந்ததும் கேட்டுவிட்டேன். "விண்வெளியில எது சார் ரொம்ப கஷ்டம்? ஏறுறதா, இறங்குறதா?"

"இருட்டு" என்றார்.

நான் அவரைப் பார்த்தபடியே நின்றேன். சரி, உட்காரும்மா என்று சொல்லிவிட்டு, கல் காயவைக்கும் மேடையின் ஓரத்தில் தானும் உட்கார்ந்தார். பூமியை 500, 600 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற ஒரு செயற்கைக்கோள் ஒரு சுற்றை ஏறத்தாழ 95 நிமிடத்தில் முடிக்கும். அதில் 35 நிமிடம் போல பூமியின் நிழலுக்குள் போய்விடும். சூரியத் தகடுகளுக்கு அந்த நேரத்தில் வேலை இல்லை, மொத்த உயிரும் பேட்டரியில்தான். ஒரு நாளைக்கு 15 இரவு, 15 விடியல், வருஷத்துக்கு 5,400-க்கும் மேல். "நம்ம செல்போன் ஆயிரம் தடவை சார்ஜ் ஏத்துறதுக்குள்ள சோர்ந்துபோகுது. அங்க அஞ்சு வருஷத்துல இருபத்தேழாயிரம் தடவை ஏத்தி இறக்கணும். கெட்டுப்போனா மாத்த ஆள் போக முடியாது."

பின்னே எப்படித் தாங்குகிறது? இதற்கு அவர் சொன்ன பதிலை நான் என் கணக்கு நோட்டின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன். பேட்டரியில் நூறு ரூபாய் இருந்தால் இருபது, முப்பதுக்கு மேல் கை வைக்க மாட்டார்களாம். மிச்சத்தைத் தொடாமல் வைத்தால்தான் அது வருஷக்கணக்கில் உழைக்கும். முதலைத் தொடாதே என்பது வட்டிக் கணக்கில் வளர்ந்த இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பாடம், அதே பாடம் வானத்திலும் ஓடுகிறது என்று தெரிந்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் தொலைத்தொடர்புக் கோள்களுக்கு இருட்டு வேறு விதம். வருஷத்தில் இரண்டு பருவம், மார்ச்சை ஒட்டியும் செப்டம்பரை ஒட்டியும், ஒவ்வொன்றிலும் சுமார் 45 நாள் தினமும் ஒரு தடவை நிழல் விழும். அதிகபட்சம் 70 நிமிடம் சொச்சம். மற்ற நாளெல்லாம் வெயில்.

அதிலிருந்து நாங்கள் பேசிக்கொண்டே இருக்கிறோம். கல் போட்டு முடிந்த பிறகும் மாதம் ஒருமுறையாவது அவர் வீட்டு வளவில், அதாவது நடு முற்றத்தில், உட்கார்ந்து காபி குடிப்பது வழக்கமாகிவிட்டது. மங்கள்யான் முடிந்துபோனது என்று 2022 அக்டோபரில் செய்தி வந்தபோது நானே போன் செய்தேன். ஆறு மாதத்துக்கென்று அனுப்பியது, 2014 செப்டம்பர் 24-ல் செவ்வாயைச் சுற்றத் தொடங்கி எட்டு வருஷம் ஓடியிருந்தது. 2022 ஏப்ரலில் அடுத்தடுத்து வந்த கிரகணங்களில் ஒன்று ஏழரை மணி நேரம் நீண்டது, அதன் பேட்டரியால் தாங்க முடிந்ததோ 1 மணி 40 நிமிடம். கிரகணம் என்றால் செவ்வாயின் நிழல். போனில் கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. அப்புறம், "அது நல்லா வாழ்ந்துச்சும்மா" என்றார், வீட்டில் ஒரு பெரியவர் போய்விட்டால் சொல்வதைப் போல.

2023 ஆகஸ்ட் 23 மாலை 6:04-க்கு இரண்டாவது விக்ரம் நிலவில் நின்றபோது அவர் வீட்டில்தான் இருந்தேன். ஊரே வெடி போட்டது. அவர் மட்டும் அன்றைக்கே அடுத்த கவலைக்குப் போய்விட்டார். நிலவில் பகல் நமக்கு 14 நாள், இரவும் 14 நாள். இறங்கிய இடத்தில் இரவு வந்தால் குளிர் மைனஸ் 120 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். செப்டம்பர் 4-ல் விக்ரமைத் தூங்கவைத்தார்கள், 22-ஆம் தேதி விடிந்த பிறகு கூப்பிட்டுப் பார்த்தார்கள், பதில் இல்லை. "பேட்டரிக்குள்ள அயனி நடமாடணும்னா ஈரம் வேணும். அது உறைஞ்சுபோனா எங்க நடக்கும்? பத்தவச்ச இணைப்பெல்லாம் குளிர்ல சுருங்கி விரிசல் விடும். அதுக்கு ஒரு பகலுக்குத்தான் வேலை குடுத்திருந்தாங்க, அதை முழுசா செஞ்சிடுச்சு." ஆனாலும் 22-ஆம் தேதி அவர் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி என்னிடம் சொன்னார்.

இடையில் ஒரு கிரகணத்தைச் சொல்லாமல் விட முடியாது. 2019 டிசம்பர் 26, வளைய கிரகணம். கோயம்புத்தூர், திண்டுக்கல் வழியாக வந்த அதன் பாதை எங்கள் ஊர்ப் பக்கமும் போனது. காலை ஒன்பதரை மணி சுமாருக்கு மூன்று நிமிடம் போல சூரியன் வளையல் மாதிரி நின்றது, மேகம் வந்து வந்து மறைத்தது. தெருவில் ஆள் இல்லை, கோயில் நடை சாத்தியிருந்தது. அவரும் நானும் என் மகளும் அவர் வீட்டு வேப்பமரத்தடியில் நின்றோம். அவர் கிரகணக் கண்ணாடியை எங்களிடம் கொடுத்துவிட்டுக் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். மேகம் விலகும் ஒவ்வொரு தடவையும் இலைகளின் இடுக்கு வழியாக விழுந்த வெளிச்சப் புள்ளிகள் எல்லாம் முதலில் பிறையாக இருந்தன, பிறகு நூற்றுக்கணக்கான குட்டி வளையங்களாக மண்ணில் கிடந்தன. என் மகள் ஒரு வளையத்தின் மேல் கையை வைத்து, வளையல் போட்டுக்கொண்டேன் என்றாள்.

பக்கத்து வீட்டு ஆச்சி அன்று தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தியிருந்தார். கிரகணத்தன்று மட்டும் உலக்கை தானாக நிற்கும் என்பது நம்பிக்கை. நான் சாரைப் பார்த்தேன், ஏதாவது சொல்லி ஆச்சியை நோகடித்துவிடுவாரோ என்று. அவர் குனிந்து உலக்கையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "அழகா நிறுத்தியிருக்கீங்க ஆச்சி. நாளைக்கும் ஒரு தடவை நிறுத்திப் பாருங்களேன், நின்னா எனக்குச் சொல்லி விடுங்க" என்றார். மறுநாள் காலை ஆச்சி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். உலக்கை நின்றுகொண்டிருந்தது. ஆச்சிக்குச் சிரிப்பு தாளவில்லை. ஒருவரையும் குறைத்துப் பேசாமல் ஒரு பரிசோதனையை எப்படிச் செய்யவைப்பது என்று அன்றைக்கு நான் பார்த்துக்கொண்டேன்.

காவலூருக்குப் போனது அவர் தூண்டுதலால்தான். ஜவ்வாது மலையில், ஆலங்காயத்தைத் தாண்டி மரங்களுக்கு நடுவே இருக்கிறது வைணு பாப்பு வான் ஆய்வகம். 2.34 மீட்டர் கண்ணாடி உள்ள தொலைநோக்கி 1986-ல் அங்கே திறக்கப்பட்டது. பார்வையாளர்களை விடும் ஒரு சனிக்கிழமை பார்த்து மகளோடு போயிருந்தேன். அங்கே பேசக் கிடைத்தவர் ஒரு வானியலாளர், அன்று இரவு அவருக்கு வேலை இருந்தது. "இன்னிக்கு எந்த நட்சத்திரத்தைப் பார்ப்பீங்க சார்?" என்று என் மகள் கேட்டாள். "முதல்ல எதையும் பார்க்க மாட்டோம்மா" என்றார்.

எனக்குப் பழைய ஞாபகம் வந்தது. இவரும் இருட்டைத்தான் சொல்லப் போகிறார்.

அதேதான். கேமராவின் கதவை மூடிவிட்டு, நட்சத்திரத்துக்கு எவ்வளவு நேரம் திறந்து வைப்பார்களோ அவ்வளவு நேரம் இருட்டையே படம் பிடிப்பார்களாம். ஏனென்றால் கேமராவின் சில்லு சும்மா இருக்காது. அதன் சொந்தச் சூடே எலக்ட்ரான்களைக் கிளப்பிவிடும், அது வெளிச்சம் வந்ததைப் போலவே பதிவாகும். அதற்காகத் திரவ நைட்ரஜன் வைத்து மைனஸ் 100 டிகிரி அளவுக்குக் குளிரவைப்பார்கள், அப்படியும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். மூடி எடுத்த படத்தில் இருப்பது முழுக்கக் கருவியின் சொந்தச் சத்தம். அதை நட்சத்திரத்தின் படத்திலிருந்து கழித்துவிட வேண்டும். அப்புறம் அந்தி வானத்தை, ஒரே சீரான வெளிச்சமாக இருக்கும்போது படம் எடுத்து, சில்லின் எந்த மூலை மங்கலாகப் பார்க்கிறது, கண்ணாடியில் எங்கே தூசி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். "வானத்துல இருந்து வந்தது எது, நம்மகிட்ட இருந்து வந்தது எதுன்னு பிரிக்கணும். பிரிச்சதுக்கு அப்புறம் மிஞ்சுறதுதான் நட்சத்திரம்." நான் கணக்கு எழுதுகிறவள். கழித்தல் தெரியாதவன் கூட்டிய கணக்கை நம்பக் கூடாது என்று அப்பா சொல்வார், அதை அவரிடம் சொன்னேன், அவருக்கு அது பிடித்திருந்தது.

அங்கே கேட்டவற்றில் என் மனதை விட்டு அகலாதது யுரேனஸ் கதை. 1977 மார்ச் 10 இரவு யுரேனஸ் ஒரு மங்கலான நட்சத்திரத்துக்குக் குறுக்கே வர இருந்தது. காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியை அந்த நட்சத்திரத்தின் மேல் வைத்துக் காத்திருந்தார்கள். கிரகம் குறுக்கே வருவதற்கு முன்பே நட்சத்திரத்தின் ஒளி சில விநாடி மங்கி, மறுபடி தெளிந்தது. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அதைப் பதிவு செய்தார்கள், யுரேனஸின் புதுத் துணைக்கோள் ஒன்றாக இருக்கலாம் என்று எழுதினார்கள். அதே இரவில் அமெரிக்கக் குழு ஒன்று விமானத்தில் வைத்த தொலைநோக்கியால் பார்த்தபோது, கிரகத்துக்கு முன்னும் பின்னும் ஒளி பல தடவை குறைந்திருந்தது. எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோது, யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது உலகத்துக்குத் தெரிந்தது. வளையத்தை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. வெளிச்சம் சில விநாடி காணாமல் போனதை மட்டும் பார்த்தார்கள். இன்று வேற்றுச் சூரியன்களைச் சுற்றும் கோள்களைத் தேடுவதும் பெரும்பாலும் இதே வழியில்தான். வியாழன் அளவுள்ள கோள் நம் சூரியன் போன்ற ஒன்றைக் கடந்தால் ஒளி நூற்றில் ஒரு பங்கு குறையும். பூமி அளவுள்ள கோள் என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கூட வராது.

கிளம்பும் நேரத்தில் நான் என் தொழிலைச் சொன்னேன். ஆத்தங்குடிக் கல்லின் பளபளப்பு பாலிஷ் போட்டு வருவதில்லை, கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்குகிறோம், கண்ணாடியைத் தொட்ட முகம் கண்ணாடி போலவே ஆகிவிடுகிறது என்று விளக்கினேன். அவர் ரொம்ப நேரம் கையில் ஒரு கற்பனைக் கல்லைத் திருப்பிப் பார்ப்பது போல நின்றார். பிறகு சொன்னார், பெரிய தொலைநோக்கிக்கும் வடிவம் முழுவதும் கண்ணாடியில்தான் இருக்கிறதாம். மேலே இருக்கும் அலுமினியப் பூச்சு ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனம். அது மங்கிப்போனால் கரைத்து எடுத்துவிட்டு, காற்றில்லாத அறையில் வைத்துப் புதிதாகப் பூசுவார்கள். கண்ணாடியைத் தேய்த்து உருவாக்கியவர்களின் உழைப்பு அடியில் அப்படியே இருக்கும்.

இருட்டைப் பற்றி என்னிடம் பேசிய மூன்றாவது ஆள் எங்கள் ஊர்ப் பெண். உலக்கை ஆச்சியின் பேத்தி, தேவகோட்டையில் படித்தவள், பெங்களூரில் சூரிய ஆய்வுத் தரவுகளோடு வேலை செய்கிறாள். 2024 பொங்கலுக்கு வந்திருந்தாள். ஜனவரி 6-ல்தான் சூரியனைப் பார்க்க இந்தியா அனுப்பிய ஆதித்யா-எல்1 தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் நிகார் ஷாஜி செங்கோட்டைக்காரர் என்று சொல்லும்போது அவள் குரலில் இருந்த பெருமையை நான் கேட்டேன். அங்கே என்ன வசதி என்று கேட்டதற்கு, "அங்க இரவே கிடையாது அக்கா" என்றாள். பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர், சூரியன் இருக்கும் தூரத்தில் நூற்றில் ஒரு பங்கு. அங்கிருந்து சூரியனை இடைவிடாமல் பார்க்கலாம். அப்பாடா, இருட்டு இல்லாத ஒரு இடம் என்று நினைத்தேன். அவள் அடுத்த வாக்கியத்திலேயே, "அதனால நாங்களே கிரகணத்தை உண்டாக்கணும்" என்றாள்.

சூரியனைச் சுற்றியிருக்கும் கரோனா என்ற மெல்லிய படலம், சூரியத் தட்டைவிட பத்து லட்சம் மடங்கு மங்கல். முழு கிரகணத்தில்தான் கண்ணுக்குத் தெரியும், எந்த முழு கிரகணமும் ஓரிடத்தில் எட்டு நிமிடத்தைத் தொடுவதில்லை. ஆதித்யாவின் முக்கியக் கருவிக்குள் நடுவில் துளை போட்ட ஒரு கண்ணாடி இருக்கிறது. சூரியத் தட்டின் ஒளி அந்தத் துளை வழியாக வெளியேறிவிடும், சுற்றியிருக்கும் மங்கல் ஒளி மட்டும் கருவிக்குள் போகும். ஒரு தூசி இருந்தாலும் அது சூரிய ஒளியைச் சிதறடித்து கரோனாவை மூழ்கடித்துவிடும். இப்படிப்பட்ட கருவிகளைப் பூட்டும் அறைக்குள் தலை முதல் கால் வரை மூடிக்கொண்டுதான் போக வேண்டும், பூ வைக்கக் கூடாது, சென்ட் கூடாது. "பொங்கலுக்கு வந்ததும் முதல்ல மல்லிகைப்பூ வாங்கினேன்" என்றாள். சூரியனின் மேற்பரப்பு 5,500 டிகிரி, அதற்கு மேலே இருக்கும் கரோனா பத்து லட்சம் டிகிரிக்கும் மேல். அடுப்பை விட்டுத் தள்ளிப் போகப் போகச் சூடு கூடுவது எப்படி? இதற்கு முழுப் பதில் இன்னும் யாரிடமும் இல்லையாம். அதைச் சொல்லும்போது அவள் கண் பளிச்சென்று இருந்தது.

மூன்று பேர். ஒருவர் இருட்டைத் தாங்கவைக்கிறார், ஒருவர் இருட்டை அளக்கிறார், ஒருத்தி இருட்டை உண்டாக்குகிறாள். இவர்களோடு பேசிவிட்டு வந்தபின் என் தெருவின் இருட்டை நான் வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கினேன், அதில் எனக்கு வருத்தம்தான் அதிகம். அப்பத்தா முற்றத்தில் கட்டில் போட்டுப் படுத்திருந்து, கார்த்திகை உச்சிக்கு வந்தாச்சு, படுங்கடி என்று நேரம் சொல்வாள். சில வருஷம் முன்பு எங்கள் தெருவில் வெள்ளை எல்.இ.டி விளக்கு போட்டார்கள். தெருவுக்கு விளக்கு வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை, ராத்திரி வேலை முடிந்து பெண்கள் நடந்து வருகிற தெரு அது. ஆனால் அந்த விளக்கு தரையைப் பார்க்கவில்லை, பாதி வெளிச்சம் எதிர்வீட்டு மாடிக்கும் வானத்துக்கும் போகிறது. வெள்ளை விளக்கில் நீலம் அதிகம், நீலம் காற்றில் அதிகம் சிதறும். பகலில் வானம் நீலமாகத் தெரிவதற்கு என்ன காரணமோ அதே காரணம்தான் இரவில் நட்சத்திரத்தை அழிக்கிறது. மேலே ஒரு மூடி, கொஞ்சம் மஞ்சள் நிறம், அவ்வளவு போதும். சொல்லிப் பார்த்தேன், மனுவும் கொடுத்தேன், பதில் வரவில்லை. எங்கள் பட்டறை வாசல் விளக்குக்கு மட்டும் தகரத்தில் மூடி செய்து மாட்டியிருக்கிறேன்.

லடாக்கில் ஹன்லே என்ற ஊரைச் சுற்றி 2022-ல் இருள் காப்பகம் என்றே அறிவித்திருக்கிறார்கள். 4,500 மீட்டர் உயரத்தில் அங்கே ஒரு 2 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. ஊர்க்காரர்களே விளக்கைத் தணித்து வைத்து, வருகிறவர்களுக்குத் தொலைநோக்கியில் வானம் காட்டுகிறார்கள். செட்டிநாட்டு மாளிகைகளைப் பார்க்க வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் எத்தனை பேர் வந்து தங்குகிறார்கள், அவர்களுக்காக முகப்பு முழுக்க விளக்கு போட்டு வைக்கிறோம். ஒன்பது மணிக்கு மேல் அதை அணைத்துவிட்டு, வளவில் பாய் விரித்துப் படுக்கச் சொல்லலாமே. நாலு பக்கமும் உயர்ந்த சுவரும் தாழ்வாரமும் தெருவிளக்கை மறைத்துவிடும். தொலைநோக்கியின் குழாய்க்கும் அதேதான் வேலை என்று காவலூரில் சொன்னார்கள். பக்கவாட்டு வெளிச்சத்தைத் தடுத்து, வேண்டிய வானத்தை மட்டும் விடுவது. சார் வீட்டு வளவில் அமாவாசையன்று படுத்துப் பார்த்திருக்கிறேன், கார்த்திகையில் ஆறு மீனை எண்ண முடிகிறது.

2031 மே 21-ல் இன்னொரு வளைய கிரகணம் வருகிறது. கேரளத்திலிருந்து மதுரை வழியாகக் காரைக்குடிக்கும் வந்து வேதாரண்யம் பக்கம் கடலுக்குப் போகிறது. பதினோரு வருஷச் சொச்சத்தில் ஒரே ஊருக்கு இரண்டு வளையம். இந்தத் தடவை மதியம் ஒரு மணி சுமாருக்கு, சூரியன் ஏறக்குறையத் தலைக்கு மேலே இருக்கும்போது, அதாவது வெயில் வளவுக்குள் நேராக இறங்கும் நேரத்தில். சாருக்கு அப்போது எண்பத்திரண்டு வயது ஆகியிருக்கும். சூரியன் ஒவ்வொரு வருஷமும் அதே தேதியில் அதே நேரத்தில் ஏறத்தாழ அதே இடத்தில்தான் நிற்கும் என்பதால், இந்த வருஷம் மே 21 அன்று ஒத்திகை பார்த்துவிட்டோம். பதினைந்து அடி உயரத்தில், இரண்டு பக்கமும் கயிறு கட்டி, நடுவில் சின்ன ஓட்டை போட்ட அட்டையைத் தொங்கவிட்டார். தரையில் ஒன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு வெளிச்ச வட்டம் விழுந்தது, நான் கொடுத்த கல்லில், பூவின் நடுவிலிருந்து இரண்டு விரல் தள்ளி. சாக்பீஸால் அதைச் சுற்றிக் கோடு போட்டார். மழை வந்தால் அழிந்துபோகிறது, அவர் மறுபடி போட்டு வைக்கிறார்.